வெல்-நோன் என்றால் ஃபேமஸ் என்றுதான் அர்த்தமா?

"பிரபல ரவுடி கைது" என்று தமிழ்ச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அதே பக்கத்தின் மூலையில் "பிரபல கண் மருத்துவர் காலமானார்" என்றும் ஒரு செய்தி இருக்கும். தமிழ் வாசகருக்கு இதில் குழப்பமே இல்லை. பிரபலம் என்றால் பலருக்கும் தெரிந்தவர். நல்லவரா கெட்டவரா என்பதை அடுத்து வரும் சொல் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மருத்துவருக்கு ஒரு சொல், ரவுடிக்கு ஒரு சொல், அல்வாவுக்கு ஒரு சொல், கணிதத் தேற்றத்துக்கு ஒரு சொல் என்று அந்த மொழி பிரித்து வைத்திருக்கிறது. நாமோ எல்லாவற்றுக்கும் ஃபேமஸ் என்று எழுதிவிடுகிறோம். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று தோன்றினால் அகராதியைத் திறந்து, வெல்-நோன், ரினௌண்ட், எமினென்ட், நோட்டோரியஸ் என்று வரிசையாக நிற்பவற்றில் கைக்கு வந்ததை எடுத்து வைக்கிறோம். அகராதி அவற்றை அருகருகே வைத்திருப்பதால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

அந்த வரிசையில் முதலில் நிற்கும் வெல்-நோன் என்ற தொடரைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். வெல் என்றால் நன்றாக. நோன் என்றால் அறியப்பட்ட. நோன் என்பதை எழுதும்போது முதலில் கே என்ற எழுத்து வரும், ஆனால் அதற்கு ஒலி கிடையாது. இரண்டு சொற்களும் சேர்ந்து ஒரே பெயரடையாக வேலை செய்கின்றன. நன்கு அறியப்பட்ட என்று தமிழில் அப்படியே சொல்லிவிடலாம்.

இந்தத் தொடர் சொல்வது அறிதலை மட்டும்தான். போற்றுகிறார்களா, பழிக்கிறார்களா, விரும்புகிறார்களா என்று அது எதுவும் சொல்லாது. அதற்கு ஒத்த சொற்கள் என்று அகராதி தரும் மற்ற எல்லாச் சொற்களும் அறிதலோடு வேறு ஏதோ ஒன்றையும் சேர்த்தே சொல்கின்றன. சேர்த்துச் சொல்வது என்ன என்று தெரிந்துகொண்டு எழுதுவதுதான் இதில் கற்க வேண்டியது.

பேச்சும் அறிதலும்

ஃபேமஸ் என்பதன் வேர், லத்தீன் மொழியில் உள்ள ஃபாமா என்ற சொல். பேச்சு, ஊர்ப்பேச்சு, வதந்தி என்பவை அதன் பொருள்கள். ரோமானியர் ஃபாமாவை ஒரு பெண் தெய்வமாகவே உருவகித்தார்கள். அவர்களுடைய கவிதையில் அவளுக்கு எண்ணற்ற கண்கள், எண்ணற்ற காதுகள், எண்ணற்ற நாக்குகள். ஃபேமஸ் என்ற சொல்லில் இன்றும் அந்த ஓசை இருக்கிறது. ஒருவர் ஃபேமஸ் ஆக வேண்டுமானால் ஊர் அவரைப் பற்றிப் பேச வேண்டும். வெல்-நோன் ஆவதற்குப் பேச்சு வேண்டியதில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நார்மன் போர்லாக் என்ற அமெரிக்க வேளாண் அறிவியலாளரை எடுத்துக்கொள்வோம். குட்டையாக வளரும், அதிக விளைச்சல் தரும் கோதுமை இரகங்களை உருவாக்கியவர். அந்த இரகங்கள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 1960-களின் உணவு நிலைமையையே மாற்றின. 1970-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. வேளாண் அறிவியல் படித்த எவருக்கும் அந்தப் பெயர் தெரியும். தெருவில் போகும் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. அவரை "வெல்-நோன் அமாங் அக்ரிகல்சுரல் சயன்டிஸ்ட்ஸ்" என்று எழுதினால் உண்மை துல்லியமாக அமைகிறது. வெறுமனே ஃபேமஸ் என்று எழுதினால், யாரிடம் என்ற கேள்வி எழும். வெல்-நோன் தனக்குப் பக்கத்தில் ஒரு வட்டத்தை ஏற்றுக்கொள்ளும். ஃபேமஸ் பொதுவாக ஊர் முழுவதையும் கேட்கும்.

கணினித் துறையில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. இணையத்தில் ஒரு கணினி மற்றொன்றைத் தொடர்பு கொள்ளும்போது, எந்தச் சேவை வேண்டும் என்பதைக் காட்ட போர்ட் எண் என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது. அவற்றில் 0 முதல் 1023 வரை உள்ளவற்றுக்கு வெல்-நோன் போர்ட்ஸ் என்று பெயர். சாதாரண இணையப் பக்கத்துக்கு 80, பாதுகாக்கப்பட்ட பக்கத்துக்கு 443, மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கு 25. இந்த எண்களைப் பற்றி எந்தத் தேநீர்க் கடையிலும் யாரும் பேசுவதில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டிய ஒவ்வொரு கணினிக்கும் முன்கூட்டியே தெரியும்; கேட்காமலேயே அந்த வாசலுக்குப் போய்விடும். அதனால்தான் வெல்-நோன். இங்கே ஃபேமஸ் போர்ட்ஸ் என்று மாற்றி எழுதினால் தொடர் பொருளற்றுப் போகும். இரண்டு சொற்களும் ஒன்று அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சட்டமும் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துகிறது. பிறரால் பயன்படுத்த முடியாதபடி வணிகச் சின்னங்களைக் காக்கும் பாரிஸ் உடன்படிக்கையில், 1925-ல் ஹேக் நகரில் நடந்த திருத்தத்தின்போது வெல்-நோன் சின்னங்களுக்கென்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டமும் வெல்-நோன் டிரேட் மார்க் என்ற தொடரையே எடுத்து ஆள்கிறது. ஒரு சின்னம் அப்படிப்பட்டதா என்று முடிவு செய்யும்போது, அந்தச் சரக்கோடு தொடர்புடைய மக்கள் பகுதிக்கு அது தெரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அதை வாங்குவோர், வாங்கக்கூடியவர்கள், விற்பனைச் சங்கிலியில் இருப்போர், அந்த வணிகத்தில் ஈடுபட்டோர் என்று அந்தப் பகுதி விரிகிறது. நாடு முழுவதும் அறிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உழவு எந்திர உதிரிபாகம் ஒன்றின் சின்னம் சென்னையில் மாடிவீட்டில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். உழவர்களுக்கும் உதிரிபாகக் கடைக்காரர்களுக்கும் தெரிந்திருப்பது எடைபோடப்படும்.

அமெரிக்கச் சட்டத்தில், ஒரு சின்னத்தின் தனித்தன்மையை நீர்த்துப்போகச் செய்பவர்கள் மீது வழக்குத் தொடுக்க வேண்டுமானால் சின்னம் ஃபேமஸ் ஆக இருக்க வேண்டும். 2006-ல் வந்த திருத்தம் அந்தச் சொல்லுக்கு வரையறை தந்தது: அமெரிக்காவின் பொது நுகர்வோரிடையே பரவலாக அறியப்பட்டிருக்க வேண்டும். ஒரு சிறு துறைக்குள் மட்டும் கிடைத்த பெயர் போதாது. இந்தியச் சட்டம் எடுத்துக்கொண்ட சொல் குறிப்பிட்ட வட்டத்தைப் பார்க்கிறது. அமெரிக்கச் சட்டம் எடுத்துக்கொண்ட சொல் பொதுமக்களைப் பார்க்கிறது. ஒத்த சொற்கள் என்று அகராதி சொல்லும் இரண்டு சொற்களுக்கு நடுவே கோடிக்கணக்கான பணம் கைமாறும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது.

வாக்கியத்தில் எங்கே உட்காரும்?

இலக்கணத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் இரண்டு சொற்களுக்கும் நடுவே சிறு கோடு போட வேண்டும்: "எ வெல்-நோன் சிங்கர்", நன்கு அறியப்பட்ட பாடகர். வினைக்குப் பின்னால் வந்தால் கோடு வேண்டாம்: "த சிங்கர் இஸ் வெல் நோன்". சில அகராதிகளும் செய்தி நிறுவனங்களின் நடைக் கையேடுகளும் இரண்டு இடத்திலும் கோடு போடச் சொல்கின்றன. ஆனால் முன்னால் கோடு, பின்னால் இல்லை என்பதைக் கடைப்பிடித்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வார்கள். வெல் என்பதற்குப் பதிலாக, பரவலாக என்று பொருள்படும் வைட்லி வந்தால் எங்குமே கோடு கிடையாது. எல், ஒய் என்று முடியும் வினையடைகளுக்குக் கோடு போடுவதில்லை என்பது பொது விதி.

"வெரி நோன்" என்று எழுதுவது தவறு. நோன் தனியாக வெரியை ஏற்காது. "வெரி வெல் நோன்" என்றால் ஏற்கும். ஒப்பிடும்போது வெல் என்ற பகுதிதான் மாறுகிறது: பெட்டர்-நோன், பெஸ்ட்-நோன். "மோர் வெல்-நோன்" என்று சிலர் எழுதுகிறார்கள், அச்சிலும் பார்க்கலாம். எனக்கு அது காதில் இடிக்கிறது. "ஹிஸ் பெஸ்ட்-நோன் நாவல்" என்றால் அவருடைய நாவல்களில் அதிகம் பேருக்குத் தெரிந்தது என்று பொருள். மிகச் சிறந்த நாவல் என்று பொருள் அல்ல. புத்தக மதிப்புரைகளைத் தமிழாக்கும்போது இந்த இடத்தில் கவனம் வேண்டும். அதிகம் பேர் படித்தது வேறாகவும் அந்த எழுத்தாளரின் உச்சம் வேறாகவும் இருப்பது சாதாரணமாக நடப்பதுதான்.

பின்னால் வரும் முன்னிடைச் சொல் பொருளையே மாற்றிவிடும். ஃபார் வந்தால் காரணம்: சிவகாசி பட்டாசுக்கு அறியப்பட்டது என்பதை "சிவகாசி இஸ் வெல் நோன் ஃபார் ஃபயர்வொர்க்ஸ்" என்று எழுதுகிறோம். ஆஸ் வந்தால் அடையாளம் அல்லது பெயர்: சாமுவேல் க்ளெமென்ஸ் என்பவர் "பெட்டர் நோன் ஆஸ் மார்க் ட்வைன்". இயற்பெயரைவிடப் புனைபெயரே அதிகம் பேருக்குத் தெரியும் என்று அந்தத் தொடர் சொல்கிறது. டு வந்தால் யாருக்கு என்று காட்டும்: "ஹி இஸ் வெல் நோன் டு மீ", அவரை எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே ஃபேமஸ் போட முடியாது. "ஃபேமஸ் டு மீ" என்று ஆங்கிலத்தில் இல்லை. வெல் இல்லாமல் வெறும் "நோன் டு த போலீஸ்" என்று செய்தியில் வந்தால், அவர் ஏற்கெனவே ஏதாவது விவகாரத்தில் காவல்துறையின் கவனத்துக்கு வந்தவர் என்று நாசூக்காகச் சொல்கிறார்கள். அந்த ஊர்க் காவல் ஆய்வாளருக்கு நண்பர் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

ஃபேமஸுக்கு இல்லாத இன்னொரு வசதியும் வெல்-நோனுக்கு உண்டு. ஒரு முழு வாக்கியத்தையே அது தாங்கும்: "இட் இஸ் வெல் நோன் தட்…" என்று தொடங்கி ஓர் உண்மையைச் சொல்லலாம். கணிதக் கட்டுரைகளில் இந்தத் தொடக்கம் அடிக்கடி வரும். துறையில் எல்லாருக்கும் தெரிந்த முடிவு இது, இங்கே மறுபடியும் நிறுவப் போவதில்லை என்று அதற்குப் பொருள். தெரிந்த உண்மை என்பதற்கு "வெல்-நோன் ஃபேக்ட்" என்பதே இயல்பு. ஆராய்ச்சி மாணவர்கள் இந்தத் தொடரை மிகவும் விரும்புகிறார்கள். ஆனால் சான்று காட்ட வேண்டிய இடத்தில் இதைப் போட்டு நகர்ந்துவிட்டால், யாருக்குத் தெரியும் என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது சரியான கேள்வி.

மதிப்பு சேரும் சொற்கள்

தமிழில் புகழ் என்ற சொல்லே பாராட்டையும் குறிக்கும், பெயர் பரவுவதையும் குறிக்கும். அதனால் புகழ்பெற்ற என்று எழுதினால் அதற்குள் ஒரு வணக்கம் இருக்கிறது. புகழ்பெற்ற கொள்ளையன் என்று யாரும் எழுதுவதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு மிக நெருக்கமானது ரினௌண்ட். நல்ல ஒன்றுக்காகப் பரவலாக அறியப்பட்டு மதிக்கப்படுவது என்பது அதன் பொருள். காஞ்சிபுரம் பட்டுக்கு ரினௌண்ட் என்றால் பட்டின் தரத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். வெல்-நோன் என்றால் அங்கே பட்டு நெய்கிறார்கள் என்பது பலருக்கும் தெரியும், அவ்வளவுதான். ஆளுக்கும் ஊருக்கும் கல்லூரிக்கும் கைவினைக்கும் ரினௌண்ட் பொருந்தும். பக்கத்துத் தெரு பஜ்ஜிக் கடைக்குப் போட்டால் எடை அதிகமாகிவிடும். அங்கே ஃபேமஸ் அழகாக உட்காரும்.

எமினென்ட் அதைவிடக் குறுகியது. லத்தீனில் இதன் வேருக்கு எழுந்து நிற்பது, மேலே துருத்திக்கொண்டிருப்பது என்று பொருள். ஒரு துறைக்குள் மற்றவர்களைவிட உயர்ந்து நிற்பவருக்குத்தான் இது பொருந்தும்: வரலாற்றாசிரியர், சட்ட அறிஞர், அறுவைச் சிகிச்சை நிபுணர், அறிவியலாளர். இயற்பியலில் 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகரை எமினென்ட் ஆஸ்ட்ரோஃபிஸிசிஸ்ட் என்று எழுதுவது இயல்பு. உணவகம், சுற்றுலாத் தலம், மிட்டாய் எதுவும் எமினென்ட் ஆகாது. இளம் நடிகருக்கும் பொருந்தாது. பல்லாண்டு உழைப்பும் சக வல்லுநர்களின் ஒப்புதலும் இந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. இதோடு இம்மினென்ட் என்ற சொல்லைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கு விரைவில் நிகழப்போகிற என்று பொருள். புயல் வரப்போகிறது என்பதற்குப் பயன்படுவது.

டிஸ்டிங்விஷ்ட் என்பது செயலைப் பார்க்கிறது. தன் பணியால் பிறரிடமிருந்து வேறுபட்டுத் தெரிபவர். இந்திய அரசியலமைப்பின் 124-வது பிரிவு, உச்ச நீதிமன்ற நீதிபதியாக யாரை நியமிக்கலாம் என்று சொல்லும் இடத்தில் மூன்று வழிகளைத் தருகிறது: உயர் நீதிமன்றத்தில் ஐந்து ஆண்டுகள் நீதிபதியாக இருந்தவர், பத்து ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவர், அல்லது குடியரசுத் தலைவரின் கருத்தில் டிஸ்டிங்விஷ்ட் ஜூரிஸ்ட், அதாவது சிறந்து விளங்கும் சட்ட அறிஞர், ஆக இருப்பவர். அங்கே வெல்-நோன் என்றோ ஃபேமஸ் என்றோ எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சி விவாதங்களில் தினமும் முகம் காட்டும் வழக்கறிஞரும் தகுதி பெற்றுவிடுவார். அறிதல் வேறு, தகுதி வேறு என்பதை ஒரே பெயரடையில் தெளிவாக்கியிருக்கிறார்கள். பத்ம விருதுகளின் வரையறையிலும் இதே சொல்தான் வருகிறது. பத்மஸ்ரீ டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸுக்காக வழங்கப்படுகிறது.

செலிப்ரேட்டட் என்பதில் கொண்டாட்டம் இருக்கிறது. கலைஞர்கள், கவிஞர்கள், படைப்புகள் ஆகியவற்றோடு நன்றாகச் சேரும். நோட்டட் என்பது பத்திரிகைகளுக்குப் பிடித்த சொல், மிதமானது, பெயருக்கு முன்னால் வருவதையே விரும்புவது: "நோட்டட் ரைட்டர்". பிராமினென்ட் என்றால் சமூகத்தில் முன்னணியில் தென்படுபவர். தொழிலதிபர், அரசியல் தலைவர், வழக்கறிஞர். அதில் செல்வாக்கின் சாயல் உண்டு, பாராட்டு இருக்க வேண்டியதில்லை.

லெஜண்டரி, ஐகானிக் இரண்டும் இப்போது மிகவும் மலிந்துவிட்டன. பத்து ஆண்டுகள் ஓடிய ஓர் உணவகம்கூட விளம்பரத்தில் ஐகானிக் ஆகிவிடுகிறது. ஒரு காலத்தையோ இடத்தையோ தானே அடையாளமாக நின்று காட்டக்கூடியதுதான் ஐகானிக். பாரிஸின் ஈஃபில் கோபுரம், சிட்னியின் ஆப்பரா ஹவுஸ் போன்றவற்றுக்கு அந்தச் சொல் தகும். தொடக்க நிலையில் கற்பவர்கள் இந்த இரண்டையும் கொஞ்ச காலம் தொடாமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். தொட்டால் எல்லாம் அதுவாகிவிடும்.

கெட்ட பெயர் எடுத்த சொற்கள்

நோட்டோரியஸ் என்பதன் லத்தீன் வேருக்கும் அறியப்பட்டது என்றுதான் பொருள். அதாவது பிறப்பில் அது வெல்-நோனின் உடன்பிறப்பு. ஒரு காலத்தில் நடுநிலையாக, எல்லாருக்கும் தெரிந்த என்ற பொருளில்தான் அதை ஆங்கிலத்தில் எழுதினார்கள். குற்றங்களோடும் குற்றவாளிகளோடும் சேர்த்து எழுதப்பட்டு எழுதப்பட்டு, கெட்டதுக்கே அறியப்பட்ட என்ற நிலையில் வந்து நின்றுவிட்டது. பழைய பொருள் சட்ட மொழியில் இன்னும் பிழைத்திருக்கிறது. பிறர் நிலத்தை நீண்ட காலம் ஆண்டு உரிமை கோரும் வழக்குகளில், அந்த அனுபவம் "ஓப்பன் அண்ட் நோட்டோரியஸ்" ஆக இருந்திருக்க வேண்டும் என்று ஆங்கிலச் சட்ட நூல்கள் சொல்லும். ஊரறிய, ஒளிவுமறைவின்றி என்று அதற்குப் பொருள். அங்கே கெட்ட பெயர் எதுவும் இல்லை.

சட்டத்துக்கு வெளியே வந்தால் எச்சரிக்கை வேண்டும். 2004 அக்டோபர் 18-ல் அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்ட வீரப்பனைப் பற்றி எழுதும்போது ஆங்கில நாளிதழ்கள் நோட்டோரியஸ் என்ற சொல்லை வழக்கமாகவே பயன்படுத்தின. சிகாகோவின் குற்றக் கும்பல் தலைவன் அல் கபோன் என்றாலும் அதே சொல்தான். அடிக்கடி விபத்து நடக்கும் வளைவு, போக்குவரத்து நெரிசலுக்குப் பெயர்போன சந்திப்பு, எப்போதும் தாமதமாக வரும் ரயில் ஆகியவற்றுக்கும் "நோட்டோரியஸ் ஃபார்" பொருந்தும். தமிழில் பேர்போன என்ற சொல் இரண்டு பக்கமும் போகும். பேர்போன வித்வான், பேர்போன கஞ்சன் இரண்டையும் எழுதலாம். அந்தப் பழக்கத்தில் வித்வானுக்கும் நோட்டோரியஸ் போட்டுவிட்டால், நன்றி தெரிவிக்க எழுதிய கடிதம் அவமதிப்பாகிவிடும்.

இன்ஃபமஸ் இதைவிடக் கடுமையானது. ஃபேமஸுக்கு முன்னால் இன் சேர்த்ததால், அறியப்படாத என்று பொருள் கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. வெட்கக்கேடான ஒன்றுக்காக அறியப்பட்டது என்பதே பொருள். உச்சரிப்பும் மாறுகிறது, அழுத்தம் முதல் அசைக்குப் போய், ஃபே என்ற நெடில் ஃப என்று குறுகிவிடும். 1919 ஏப்ரல் 13-ல் அமிர்தசரஸில் நடந்த ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு இன்ஃபமஸ் என்ற அடைமொழி பொருந்தும். ஃபேமஸ் என்று எழுதுவது அங்கே மாண்டவர்களுக்குச் செய்யும் அநீதி. வெல்-நோன் என்று எழுதினால் தவறில்லை, ஆனால் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லாமல் விட்டதாகிவிடும்.

இந்தப் பாதி எவ்வளவு பெரியது என்பதற்கு வரலாற்றில் ஓர் அருமையான சான்று உண்டு. 1941 டிசம்பர் 7-ல் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. மறுநாள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேச அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் உரை தயாரித்தார். முதல் வரைவில் அந்தத் தேதி உலக வரலாற்றில் நிலைத்திருக்கும் என்று இருந்தது. பிறகு உலக வரலாறு என்பதை அடித்துவிட்டு இன்ஃபமி என்று தன் கையால் எழுதினார். இன்ஃபமஸ் என்பதன் பெயர்ச்சொல் அது. வரலாற்றில் நிலைக்கும் என்றால் எல்லாரும் அறிவார்கள் என்று மட்டும்தான் ஆகும். இன்ஃபமி என்றதும் செய்தவர்மீது தீராத பழி விழுந்துவிட்டது. அந்த உரையிலிருந்து இன்றும் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு சொல்லைத்தான்.

வேலை விண்ணப்பத்தில் வரும் சொல்

நம் நாட்டு ஆங்கிலத்தில் தனியாக வளர்ந்த ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. மணமகன் தேவை விளம்பரங்களிலும் வேலை விண்ணப்பங்களிலும் "ரெப்யூட்டட் கம்பெனி" என்று எழுதுகிறோம். நல்ல பெயர் பெற்ற நிறுவனம் என்பது நாம் கருதும் பொருள். இந்தியாவுக்குள் எல்லாருக்கும் அது புரியும். இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருப்பவர் ரெப்யூட்டட் என்ற சொல்லைப் படித்தவுடன், அப்படிச் சொல்லப்படுகிற, உறுதியாகத் தெரியாத என்ற பொருளைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். "ரெப்யூட்டட் ஓனர்" என்றால் உரிமையாளர் என்று கருதப்படுபவர். அப்படியானால் நம் விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு, நாம் வேலை செய்த இடம் நிறுவனம்தானா என்றே ஐயம் எழலாம்.

நம்பகமான, நல்ல பெயருள்ள என்று சொல்ல விரும்பினால் ரெப்யூட்டபிள் என்று எழுதுங்கள். பலருக்கும் தெரிந்த என்பதே நோக்கமானால் வெல்-நோன் போதும். துறையில் முதல் வரிசையில் இருக்கிறது என்றால் லீடிங். இந்தியாவுக்குள் அனுப்பும் விண்ணப்பத்தில் ரெப்யூட்டட் இருப்பதைப் பெரிய குற்றமாக்க நான் விரும்பவில்லை; பல கோடிப் பேர் ஒரு பொருளில் வழங்கும் சொல்லுக்கு அந்தப் பொருள் உண்டுதான். கடல் கடந்து போகும் காகிதத்தில் மட்டும் மாற்றிவிடுவது நல்லது.

பாப்புலர் என்பதிலும் இதுபோல ஒரு வழுக்கல் இருக்கிறது. பிரபலமான என்பதற்கு நேர் என்று நினைத்து எங்கும் போடுகிறோம். மக்கள் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பாப்புலர், மக்கள் விரும்புகிறார்கள் என்றே சொல்கிறது. தேர்தலில் தோற்ற அமைச்சர் வெல்-நோன் ஆக இருக்கலாம், பாப்புலர் ஆக இருந்திருந்தால் தோற்றிருக்க மாட்டார். பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் அஞ்சி ஒதுங்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பார், அவர் வெல்-நோன். இடைவேளையில் மாணவர்கள் சூழ்ந்துகொள்ளும் ஆசிரியர் பாப்புலர். அதோடு வரும் முன்னிடைச் சொல் வித்: "பாப்புலர் வித் ஸ்டூடன்ட்ஸ்".

தெரியாதவர்களுக்கான சொற்கள்

எதிர்ச்சொல் என்று கேட்டால் அன்நோன் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அது முற்றிலும் அறியப்படாத என்று பொருள்படும். பெரும்பாலான சமயம் நாம் சொல்ல விரும்புவது அதுவல்ல. கொஞ்சம் பேருக்கு மட்டும் தெரிந்த என்றால் லிட்டில்-நோன். தெரிந்தவற்றோடு ஒப்பிட்டால் குறைவாகத் தெரிந்த என்றால் லெஸர்-நோன். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்களில் சிறு பகுதியினரே அருகிலுள்ள சிற்றூர்க் கோயில்களுக்குப் போகிறார்கள். அவற்றை "லெஸர்-நோன் சோழா டெம்பிள்ஸ்" என்று எழுதுவது சரி. லெஸ்-நோன் என்றும் எழுதலாம், ஆனால் அச்சில் வழக்கமாகக் காண்பது லெஸர்தான். இவற்றிலும் பெயருக்கு முன்னால் கோடு போட வேண்டும்.

அப்ஸ்க்யூர் என்ற சொல்லுக்கு இருண்ட என்பது அடிப்படைப் பொருள். யாருக்கும் தெரியாமல் மங்கிக் கிடக்கும் நூல், ஊர், சட்டப்பிரிவு ஆகியவற்றுக்குப் பயன்படும். உயிரோடிருக்கும் எழுத்தாளரை அப்படிச் சொன்னால் சற்றே குத்தும். லிட்டில்-நோன் என்றால் குத்தாது.

அன்சங் என்பது இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சொல். பாடப்படாத என்று பொருள். தெரியவில்லை என்பதோடு நிற்காமல், தெரிந்திருக்க வேண்டும், போற்றியிருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று பெயர் பதிவாகாமல் போனவர்களை அன்சங் ஹீரோஸ் என்று எழுதுகிறார்கள். அன்நோன் என்று எழுதியிருந்தால் அது ஒரு தகவல். அன்சங் என்று எழுதும்போது, பாடாமல் விட்டது நாம்தான் என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது. அதனால் சிறிய விஷயங்களுக்கு இதைச் செலவழிக்க வேண்டாம். அதிகம் விற்காத சோப்பு அன்சங் ஆகாது. அதற்கு லிட்டில்-நோன் போதும்.